பாங்காக்ல சுவர்ணபூமியா, டோன் முவாங்கா? எந்த ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் போடணும்?

சென்னையிலேர்ந்து பாங்காக் டிக்கெட் தேடுறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இந்தக் குழப்பத்துல மாட்டுவாங்க, ஒரே ஊரு, ஒரே தேதி, ஆனா ஒரு ஃப்ளைட் சுவர்ணபூமில இறங்குது, இன்னொண்ணு டோன் முவாங்ல இறங்குது, ரெண்டுக்கும் நடுவுல விலை வித்தியாசம் வேற. நிறைய பேர் விலையை மட்டும் பார்த்து போட்டுட்டு அங்க போய் அலையுறாங்க. எந்த ஏர்போர்ட்னு முடிவு பண்றது உங்க ஹோட்டலும் நீங்க இறங்குற நேரமும்தான், டிக்கெட் விலை அதுக்கப்புறம்தான். இது தெரியாம குடும்பத்தோட போய் முதல் நாளையே ரோட்டுல கழிக்கிறவங்களைப் பார்த்தா மனசுக்கு கஷ்டமா இருக்கும், அதனால திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளுக்கு எல்லாம் ஒரே இடத்துல பதில் எழுதிடுறேன்.

ஒரே ஊருக்கு ரெண்டு ஏர்போர்ட் எதுக்கு?

டோன் முவாங் தான் மூத்தது. 1914-ல விமானப்படைக்காக தொடங்கினது, இன்னிக்கும் ஓடிட்டு இருக்குற உலகத்தோட ரொம்பப் பழைய ஏர்போர்ட்கள்ல ஒண்ணு. ஊருக்கு வடக்கே இருக்கு. கூட்டம் தாங்காம போனதால ஊருக்கு கிழக்கே, சமுத் ப்ராகான் மாகாணத்துல இருந்த ஒரு சதுப்பு நிலத்துல சுவர்ணபூமியைக் கட்டி 2006 செப்டம்பர் 28-ம் தேதி திறந்தாங்க, அன்னிக்கே எல்லா ஃப்ளைட்டையும் அங்க மாத்திட்டாங்க. அந்த இடத்துக்கு பழைய பேரு நோங் நூ ஹாவ், நல்ல பாம்பு சதுப்புன்னு அர்த்தம், புதுப் பேரை வச்சது மன்னர் பூமிபோல். அப்புறம் 2007 மார்ச்லயே டோன் முவாங்கை உள்ளூர் ஃப்ளைட்டுக்காக மறுபடி திறக்க வேண்டியதா போச்சு. 2011 வெள்ளத்துல டோன் முவாங் ரன்வே தண்ணிக்குள்ள போயி மாசக்கணக்கா மூடிக் கிடந்துச்சு. 2012 அக்டோபர்ல ஏர்ஏஷியா தன்னோட ஃப்ளைட்டை எல்லாம் அங்க கொண்டு போனதுலேர்ந்து டோன் முவாங்னாலே மலிவு விலை ஃப்ளைட்டுக்கான ஏர்போர்ட்னு ஆயிடுச்சு.

என் டிக்கெட்ல எந்த ஏர்போர்ட்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மூணு எழுத்து கோட் பாருங்க. பி.கே.கே. னா சுவர்ணபூமி, டி.எம்.கே. னா டோன் முவாங். பாங்காக்னு மட்டும் போட்டிருந்தா நம்பிடாதீங்க, புக்கிங் ஆப்ல பாங்காக்னு அடிச்சா ரெண்டு ஏர்போர்ட்டையும் சேர்த்துத்தான் காட்டும், விலை கம்மியானதை மேல தூக்கி வைக்கும். இன்னொரு விஷயம், பி.கே.கே. அப்படிங்குற கோட் 2006 வரைக்கும் டோன் முவாங்கோடதுதான், புது ஏர்போர்ட் வந்ததும் அதுக்கு கொடுத்துட்டாங்க, அதனால பழைய ஆளுங்க சொல்ற அடையாளத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க.

பொதுவா தாய் ஏர்வேஸ், இண்டிகோ, ஏர் இந்தியா, ஶ்ரீலங்கன், பாங்காக் ஏர்வேஸ், தாய் வியட்ஜெட் இதெல்லாம் சுவர்ணபூமி. ஏர்ஏஷியா, நோக் ஏர், தாய் லயன் ஏர் டோன் முவாங். ஆனா கம்பெனி பேரை வச்சு கண்ணை மூடிட்டு முடிவு பண்ண வேணாம், தாய் ஏர்ஏஷியா எக்ஸ் சுவர்ணபூமிலேர்ந்து 2024 அக்டோபர்லதான் டோன் முவாங்குக்கு மாறுச்சு, இப்படி மாத்திட்டே இருப்பாங்க. டிக்கெட்ல இருக்குற கோட் தான் கணக்கு.

டோன் முவாங் டிக்கெட் ரெண்டாயிரம் ரூபா கம்மியா இருக்கு, எடுத்துடலாமா?

முதல்ல அந்த ரெண்டாயிரம் நிஜமாவே மிச்சமான்னு பாருங்க. மலிவு ஃப்ளைட்ல கைல கொண்டு போறதுக்கு 7 கிலோதான், பெட்டி போடணும்னா தனியா காசு, சாப்பாடு தனி, சீட் தனி. போகும்போது 7 கிலோல சமாளிச்சாலும் வரும்போது ப்ரதூநாம் கடைத்தெருவுல துணி வாங்காம யாரும் வரப்போறதில்ல, அப்போ கவுண்டர்ல கட்டுற பெட்டி காசு முன்கூட்டி கட்டுறதை விட ரொம்ப அதிகமா இருக்கும், கையைக் கடிச்சிடும். பெட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து போட்டுப் பார்த்ததுக்கு அப்புறமும் கம்மியா இருந்தா, ஒத்தையா இல்ல ரெண்டு பேரா போறீங்கன்னா, தாராளமா எடுங்க. டோன் முவாங் மட்டமான ஏர்போர்ட் எல்லாம் இல்ல. சின்னது, வெளிய வர்றதுக்கு நடை கம்மி. கைப்பையோட மட்டும் போறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சு அதுதான் வசதி.

நான் தங்குற ஏரியாவுக்கு எது பக்கம்?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனா இதைக் கேக்குறவங்கதான் கம்மி. கிலோமீட்டர் கணக்குல பார்த்தா ரெண்டும் ஊர் நடுவுலேர்ந்து கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், சுமார் 25 கிலோமீட்டர், சுவர்ணபூமி கொஞ்சம் கூட. ஆனா பாங்காக்ல தூரத்தை கிலோமீட்டர்ல அளக்கக் கூடாது, எந்த ட்ரெயின் எங்க கொண்டு விடுதுன்னுதான் பாக்கணும்.

ப்ரதூநாம்னா நம்ம ஊர்க்காரங்க பாதிப் பேர் தங்குற இடம், பிளாட்டினம் மால், இந்திரா ஹோட்டல் பக்கம். அதுக்கு சுவர்ணபூமிதான். ஏர்போர்ட் ரெயில் லிங்க்ல ஏறி ராட்சப்ராரோப் ஸ்டேஷன்ல இறங்குனா பெட்டியை இழுத்துட்டு நடந்தே போயிடலாம். சுகும்வித், நானா, அசோக் பக்கமும் சுவர்ணபூமிதான் சுலபம், மக்காசான்ல இறங்கி பக்கத்துலயே மெட்ரோ மாறலாம், இல்லைன்னா பயா தாய் வரை போயி பி.டி.எஸ்.னு சொல்ற மேம்பால ட்ரெயின் ஏறலாம்.

சீலோம்னா ரெண்டும் ஏறக்குறைய சமம். சீலோம் ரோட்டுல இருக்குற மாரியம்மன் கோயில் நம்ம தமிழ் ஆளுங்க பத்தொன்பதாம் நூற்றாண்டுல கட்டினது, அந்த ஊர்க்காரங்க வாட் கேக்னு சொல்லுவாங்க, தாய்லாந்து மக்களே பூத்தட்டோட வந்து வரிசையில நிப்பாங்க, அதைப் பாக்கணும்னே அந்தப் பக்கம் ரூம் போடுறவங்க உண்டு. சுவர்ணபூமிலேர்ந்து வந்தா பயா தாய்ல பி.டி.எஸ். ஏறி சியாம்ல மாறி சுராசக்ல இறங்கணும். டோன் முவாங்லேர்ந்து வந்தா சிவப்பு லைன் ட்ரெயின்ல பாங் சூ வந்து நீல லைன் மெட்ரோவுல சீலோம் ஸ்டேஷன் வரலாம், ஆனா கோயில் அங்கேர்ந்து கொஞ்ச தூரம்.

சாத்துசக் மார்க்கெட், மோ சிட், லாட் ப்ராவ் இதெல்லாம் டோன் முவாங் பக்கம். காவ்சான் ரோடுக்கு ட்ரெயின் கிடையாது, டோன் முவாங்லேர்ந்து ஏ4 பஸ், சுவர்ணபூமிலேர்ந்து எஸ்1 பஸ் ரெண்டும் நேரா போகும், அதனால அந்த ஏரியாவுக்கு எது கம்மி விலையோ அதை எடுங்க. பழைய தலைநகரமான அயுத்தயா போறவங்களுக்கு டோன் முவாங் அருமை, எதிர்லயே ரயில்வே ஸ்டேஷன், வடக்கே போற ட்ரெயின் அங்க நின்னுதான் போகும், பாங்காக்குக்குள்ள நுழையாமலே அயுத்தயா போயிடலாம்.

டோன் முவாங்ல ட்ரெயினே இல்லன்னு சொல்றாங்களே?

அது பழைய கதை. 2021-லேர்ந்து அடர் சிவப்பு லைன் ஓடுது. டெர்மினல்லேர்ந்து மேம்பால நடைபாதை வழியாவே ஸ்டேஷன் போகலாம், ரோட்டுல இறங்க வேண்டியதில்ல. க்ருங் தேப் அபிவத்னு பெரிய ஸ்டேஷன், பாங் சூல இருக்கு, அங்க கால் மணி நேரத்துல கொண்டு விட்டுடும், கீழ இறங்குனா மெட்ரோ. பழைய பதிவுகளைப் படிச்சுட்டு ஹுவாலம்போங் ஸ்டேஷனுக்கு போகணும்னு நினைக்காதீங்க, நீண்டதூர ட்ரெயின்ல பெரும்பாலானதை 2023 ஜனவரிலயே அபிவத்துக்கு மாத்திட்டாங்க. ட்ரெயின் வேணாம்னா ஏ1 பஸ் இருக்கு, தாய்லாந்து காசுல 30 பாத், நேரா மோ சிட் பி.டி.எஸ். வாசல்ல விடும்.

சுவர்ணபூமிக்கு ஏர்போர்ட் ரெயில் லிங்க் 2010-லேர்ந்து ஓடுது, அடித்தளத்துல ஸ்டேஷன், பயா தாய் வரை 45 பாத், அரை மணி நேரத்துக்குள்ள போயிடும். ஒரே எச்சரிக்கை, அது ஏர்போர்ட்டுக்காக மட்டும் ஓடுற வண்டி இல்ல, ஆபீஸ் போறவங்க தினமும் போற வண்டி. சாயங்காலம் 5-லேர்ந்து 7 மணி வரை பயா தாய்லேர்ந்து ஏர்போர்ட் பக்கம் போற ட்ரெயின்ல நிக்கவே இடம் இருக்காது, ரெண்டு பெரிய பெட்டியோட அந்த நேரத்துல ஏறவே முடியாது. சென்னைக்குத் திரும்புற ஃப்ளைட் நிறைய ராத்திரி கிளம்புறதால நம்ம ஆளுங்க கரெக்டா அந்த நேரத்துலதான் கிளம்புவாங்க. நாலு மணிக்கே கிளம்பிடுங்க.

டாக்ஸி எப்படி? ஏமாத்துவாங்களா?

வெளிய வந்ததும் டாக்ஸி டாக்ஸின்னு கூப்பிட்டு வர்றவங்க யாரோடயும் போகாதீங்க. சுவர்ணபூமில முதல் தளத்துக்கு இறங்குங்க, வெளிய வரிசையா மெஷின் நிக்கும், பட்டனை அழுத்துனா ஒரு சீட்டு வரும், அதுல லேன் நம்பர் போட்டிருக்கும், அந்த நம்பர்ல நிக்குற வண்டிதான் உங்களுக்கு. அந்தச் சீட்டை டிரைவர் கையில கொடுத்துடாதீங்க, வண்டி விவரமும் புகார் பண்ற நம்பரும் அதுலதான் இருக்கு, இறங்குற வரைக்கும் உங்க சட்டைப் பையிலயே இருக்கட்டும், அது உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சாலே மீட்டர் ஒழுங்கா ஓடும். டோன் முவாங்லயும் வரிசையில நின்னு சீட்டு வாங்குற முறைதான்.

மீட்டர் 35 பாத்ல ஆரம்பிக்கும், ஏர்போர்ட் கட்டணம் 50 பாத் தனி, டோல் நீங்கதான் கட்டணும். டோல் கேட்ல டிரைவர் திரும்பிப் பார்ப்பார், நூறு பாத் நோட்டா கொஞ்சம் கையில வச்சுக்கோங்க. கிராப், போல்ட்னு டாக்ஸி ஆப் ரெண்டும் ரெண்டு ஏர்போர்ட்லயும் கிடைக்கும், விலை முன்னாடியே தெரியும், மழை நேரத்துல ஏறிடும்.

திரும்பி வரும்போது டிரைவர்கிட்ட ஏர்போர்ட்னு மட்டும் சொல்லாதீங்க. சுவர்ணபூமின்னு நம்ம மாதிரி சொன்னா பல பேருக்குப் புரியாது, சுவன்னபூம்னு சொல்லணும், இல்லைன்னா மேப்ல காட்டிடுங்க.

ஒரு ஏர்போர்ட்ல இறங்கி இன்னொண்ணுல கனெக்டிங் ஃப்ளைட் பிடிக்கலாமா?

முடிஞ்ச வரை வேணாம். இதை மட்டும் கெஞ்சியே கேட்டுக்குறேன். புக்கிங் சைட்ல சில நேரம் சென்னை டு பாங்காக் ஒரு கம்பெனி, பாங்காக் டு புக்கெட் வேற கம்பெனின்னு ரெண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டி ஒரே பயணம் மாதிரி காட்டும், கீழ சின்ன எழுத்துல ஏர்போர்ட் மாறணும்னு போட்டிருக்கும், அதை யாரும் படிக்கிறதில்ல. முதல் ஃப்ளைட் லேட்டாச்சுன்னா ரெண்டாவது கம்பெனிக்கு அதுல எந்தப் பொறுப்பும் கிடையாது, டிக்கெட் காசு போச்சு, புதுசா அன்னிக்கு விலையில வாங்கணும்.

வேற வழியே இல்லைன்னா என்ன நடக்கும்னு சொல்றேன். ஃப்ளைட் விட்டு இறங்கி, இமிகிரேஷன் வரிசையில நின்னு, தாய்லாந்துக்குள்ள முறைப்படி நுழையணும், அதாவது விசா விதி எல்லாம் உங்களுக்கும் பொருந்தும், டிரான்சிட்தானேன்னு சொல்ல முடியாது. 2025 மே 1-லேர்ந்து டிஜிட்டல் அரைவல் கார்டு கட்டாயம், வந்து சேர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், இலவசம், காசு கேக்குற சைட் எல்லாம் போலி. அப்புறம் பெட்டி வர்ற வரை காத்திருக்கணும், சுங்கம் தாண்டி வெளிய வரணும். அப்புறம்தான் ரோடு.

ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல இலவச ஷட்டில் பஸ் இருக்கு, காலை 5 மணிலேர்ந்து நள்ளிரவு வரை. அடுத்த ஃப்ளைட்டோட டிக்கெட்டைக் காட்டுனாத்தான் ஏத்துவாங்க, போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. ரோடு காலியா இருந்தா ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழைக்காலம், ஏப்ரல் பாதியில சொங்க்ரான் புத்தாண்டுக்கு ஊரே கிளம்புற நாள், இந்த மாதிரி சமயத்துல ரெண்டு மணி நேரம் தாண்டியும் போகும், பஸ்ஸுக்குள்ள உக்காந்து கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்தா வயித்துல புளியைக் கரைக்கும்.

எல்லாம் சேர்த்து முதல் ஃப்ளைட் இறங்குற நேரத்துக்கும் ரெண்டாவது கிளம்புற நேரத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரமாவது விடுங்க. குழந்தையோ வயசானவங்களோ கூட இருந்தா ஒரு ராத்திரி பாங்காக்ல தங்கிட்டு காலையில போங்க. ஒரே ஏர்போர்ட்ல கிடைக்குற ஃப்ளைட் ஆயிரம் ரெண்டாயிரம் கூட இருந்தாலும் அதையே எடுங்க.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன், எது நல்லது?

ரெண்டு பக்கமும் இருக்கு. சுவர்ணபூமில வசதி அதிகம், லிஃப்ட், நகரும் நடைபாதை, வீல் சேர் எல்லாம் உண்டு, ஆனா ரொம்பப் பெருசு. அதுவும் 2023 செப்டம்பர்ல திறந்த சேட்டிலைட் டெர்மினல்ல உங்க ஃப்ளைட் நின்னா அங்கேர்ந்து தரைக்கு அடியில டிரைவர் இல்லாத ட்ரெயின்ல ஏறித்தான் மெயின் டெர்மினல் வரணும். டோன் முவாங்ல நடை கம்மி, ஆனா சில ஃப்ளைட் தள்ளி நிக்கும், படிக்கட்டுல இறங்கி பஸ்ல வரணும், முட்டி வலி இருக்குறவங்களுக்கு அந்தப் படிதான் பிரச்சனை.

என் முடிவு சுவர்ணபூமி, ஆனா டிக்கெட் போடும்போதே வீல் சேர் சொல்லிடணும். அம்மா நான் நடந்துடுவேன்னுதான் சொல்லுவாங்க, கேக்காதீங்க. வீல் சேர்ல போனா இமிகிரேஷன்லயும் நிக்குற அலைச்சல் பெருமளவு குறையும்.

ராத்திரி ஒரு மணிக்கு இறங்குறேன், என்ன பண்றது?

ரெண்டு பக்கமும் ட்ரெயின் நள்ளிரவோட நின்னுடும், அதனால அந்த நேரத்துல எந்த ஏர்போர்ட்னாலும் டாக்ஸிதான், ஆனா ரோடு காலியா இருக்கும், சீக்கிரம் போயிடலாம். அதிகாலை அஞ்சு ஆறு மணிக்கு இறங்குறவங்களுக்கு முதல் ட்ரெயின் கிடைச்சிடும், ஆனா ஹோட்டல் ரூம் மத்தியானம்தான் கொடுப்பாங்க, பெட்டியை மட்டும் அங்க வச்சுட்டு வெளிய சுத்தப் போங்க. விடியுற வரை ஏர்போர்ட்லயே உக்காரணும்னா சுவர்ணபூமிதான் மேல், முதல் தளத்துல மேஜிக் ஃபுட் பாயிண்ட்னு ஒரு உணவுக் கூடம் இருக்கு, ஏர்போர்ட்ல வேலை பாக்குறவங்களே அங்கதான் சாப்பிடுவாங்க, மேல இருக்குற கடைகளை விட ரொம்ப மலிவு. சைவம் சாப்பிடுறவங்க மஞ்சள் பின்னணியில சிவப்பு எழுத்து போட்ட ஜே பலகையைத் தேடுங்க, மீன் சாஸ் கூட இருக்காது.

பட்டாயா போறோம்?

யோசிக்கவே வேணாம், சுவர்ணபூமி. முதல் தளத்துலேர்ந்தே நேரா பஸ், சுமார் ரெண்டு மணி நேரத்துல விட்டுடும், ராத்திரி முழுக்க ஓடாது, அதை மட்டும் பார்த்துக்கோங்க. டோன் முவாங்ல இறங்குனா ஊரைத் தாண்டி தென்கிழக்கே வரணும், டாக்ஸிக்கு கொடுக்குற காசுல டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது எல்லாம் போயிடும்.

புக்கெட், க்ராபி, சமுய்?

புக்கெட், க்ராபி, சியாங் மாய் மூணுக்கும் ரெண்டு ஏர்போர்ட்லேர்ந்தும் ஃப்ளைட் இருக்கு, நீங்க எதுல இறங்குறீங்களோ அதுலயே ஏறுற மாதிரி போடுங்க. டோன் முவாங்ல இறங்குனீங்கன்னா வெளிநாட்டு டெர்மினல் ஒண்ணு, உள்ளூர் டெர்மினல் ரெண்டு, உள்ளேயே நடந்து போயிடலாம். கோ சமுய் மட்டும் வேற கதை, அந்த ஏர்போர்ட்டே பாங்காக் ஏர்வேஸோடது, பாங்காக்லேர்ந்து அவங்க ஃப்ளைட் சுவர்ணபூமிலதான், அதனால சமுய் போறவங்க டோன் முவாங் டிக்கெட் எடுக்கவே கூடாது.

திரும்பி வரும்போது எவ்வளவு நேரம் முன்னாடி போகணும்?

மூணு மணி நேரம். ஏர்ஏஷியால கவுண்டரை கிளம்புறதுக்கு 60 நிமிஷம் முன்னாடி மூடிடுவாங்க, ஒரு நிமிஷம் லேட்னாலும் ஏத்த மாட்டாங்க. வாங்கின பொருளுக்குக் கட்டின வரியைத் திரும்ப வாங்கணும்னா, ஒரே கடையில ஒரே நாள்ல 2,000 பாத்துக்கு மேல வாங்கி ஃபார்ம் போட்டிருக்கணும், வாங்கினது மொத்தம் 20,000 பாத் இல்ல அதுக்கு மேலன்னா பெட்டியை செக்கின்ல கொடுக்குறதுக்கு முன்னாடியே சுங்க ஆபீஸ்ல சீல் வாங்கணும், அதுக்கு இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கோங்க.

சுவர்ணபூமிலேர்ந்து கிளம்புறீங்கன்னா கொஞ்சம் நேரம் மிச்சம் வச்சுட்டு போங்க, இமிகிரேஷன் தாண்டினதும் பாற்கடல் கடையுற சிற்பம் பெருசா வச்சிருக்காங்க. ஆமை மேல மந்தர மலை, உச்சியில விஷ்ணு, ஒரு பக்கம் தேவர்கள், இன்னொரு பக்கம் அசுரர்கள், நடுவுல வாசுகியோட உடம்பு முறுக்கிட்டு நிக்கும். நம்ம வீட்டு சின்னப் பசங்களுக்கு அந்தக் கதையை அங்கேயே நின்னு சொல்லலாம்.

தப்பான ஏர்போர்ட்டுக்குப் போயிட்டா?

பதறாதீங்க, நேரத்தைப் பாருங்க. செக்கின் மூட ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தா உடனே டாக்ஸி எடுத்து டோல் ரோட்டுலயே போகச் சொல்லுங்க, அந்த நேரத்துல ஷட்டில் பஸ்ஸுக்கு காத்திருக்காதீங்க. போற வழியிலயே ஆப்ல ஆன்லைன் செக்கின் முடிச்சிடுங்க. ஒரு மணி நேரம்தான் இருக்குன்னா அடிச்சுப் பிடிச்சு ஓடுறதுல பிரயோஜனம் இல்ல, ஃப்ளைட் கிளம்புறதுக்கு முன்னாடியே கம்பெனி ஆப்ல தேதி மாத்த முடியுதான்னு பாருங்க.

போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு மாத்திப் போடலாமா?

தாராளமா போடலாம், பல பேருக்கு அதுதான் நல்லது. அயுத்தயால ஆரம்பிச்சு பட்டாயால முடிக்கிறவங்க டோன் முவாங்ல இறங்கி சுவர்ணபூமில ஏறுனா ஒரு நாள் மிச்சம். கடைசி ராத்திரி ஹோட்டலை மட்டும் ஏறப் போற ஏர்போர்ட்டோட ட்ரெயின் லைன்ல போடுங்க, சுவர்ணபூமின்னா ராட்சப்ராரோப், பயா தாய் பக்கம், டோன் முவாங்னா பாங் சூ, மோ சிட் பக்கம். குடும்ப வாட்ஸப் குரூப்ல ரெண்டு டிக்கெட்டையும் போட்டு, எந்தத் தேதிக்கு எந்த ஏர்போர்ட்னு பேரை எழுதி பின் பண்ணிடுங்க.